ஆஜரானவர்கள்

அன்று அந்த நடைவழியில் இருந்தவர்கள்: நான், என் தம்பியின் மனைவி, தேநீர் குடிக்கப் போகும்வரை எங்கள் வக்கீல், கதவோரம் நின்று பெயர் கூப்பிடும் குமாஸ்தா, எங்களைப் போலவே மேல்முறையீட்டுக்குக் காத்திருந்த ஊன்றுகோல்காரர், என் தம்பி.

ஒருவரையும் விடவில்லை. காரணம் இருக்கிறது.

என் தம்பி பீரங்கிப் படையில் இருந்தவன். இரண்டு காதும் அங்கேதான் போயின.

ஊனமுற்ற படைவீரர்களுக்கான ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தான். முதல் விசாரணையில் அவன் பெயரைக் கூப்பிட்டதும், பக்கத்தில் இருந்த மனைவி முழங்காலில் தட்டினாள். எழுந்தான். பெயர் சொன்னவுடன் எழுந்தார், காது கேளாதவர் போல் நடிக்கிறார் என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் இல்லாமை இருந்திருக்கிறது. நடிப்பு இருந்ததில்லை.

அந்த ஒரு சொல்லை அழிப்பதற்காகத்தான் மேல்முறையீடு. ஓய்வூதியம் எனக்கு அதற்கு அடுத்தது. தம்பி மனைவிக்கு வரிசை வேறாக இருக்கலாம். அடுப்பு எரிய வேண்டியது அவள் கவலை.

எனவே இந்த முறை யாரும் அவனைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கூப்பிடட்டும். கூப்பிட்டும் அசையாமல் இருப்பதை அவர்களே கண்ணால் பார்க்கட்டும். வாயசைவைப் பார்த்து எழுந்தான் என்ற பேச்சும் வரக் கூடாது. அதனால் கதவுக்கு முதுகு காட்டி, ஜன்னலைப் பார்க்க அவனை உட்கார வைத்தேன்.

வக்கீலுக்கு அது பிடித்திருந்தது. நல்ல யோசனைம்மா என்று சொல்லிவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போனார்.

காத்திருந்தோம். வந்தபோது ஒரு கால்தான் இல்லை, இந்த பெஞ்சில் உட்கார்ந்து இன்னொன்றும் மரத்துப் போய்விட்டது என்றார் ஊன்றுகோல்காரர். யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துக்கொண்டார்.

குமாஸ்தா வெளியே வந்தார். புதியவர். கையிலிருந்த தாளைப் பார்த்துத் தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்.

தம்பி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான். சட்டை மடிப்புக் கலையவில்லை. இரண்டு கையும் முழங்கால் மேல். அணிவகுப்பில் உட்காரச் சொன்னதுபோல் இருந்தான்.

இரண்டாம் முறை குரலை உயர்த்திக் கூப்பிட்டார். தம்பி மனைவியின் கை அவளை அறியாமல் நகர்ந்தது. அந்த மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, சொல்லிடலாம் அண்ணி," என்றாள்.

"சும்மா இரு. பார்க்கட்டும்."

மூன்றாம் முறை கூப்பிட்டது தெருவரை கேட்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத் தம்பி என் பக்கம் திரும்பினான். காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது.

"அக்கா! இன்னும் நம்மளக் கூப்பிடலையா?"

நடைவழியே அதிர்ந்தது.

"சத்தம் போடாதீங்க, உள்ள விசாரணை நடக்குது," என்றார் குமாஸ்தா, அவனைப் பார்த்து. பிறகு தாளில் ஒரு கோடு இழுத்தார்.

நாங்கள் காட்ட வந்ததைக் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஊன்றுகோல்காரர் எழுந்தார். எழுந்தவர் போகாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் குமாஸ்தாவிடம் போய்ச் சொன்னேன், நீங்கள் கூப்பிட்டவன் இதோ உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குக் காது கேட்காது என்று.

"கேக்கலைன்னா பக்கத்துல இருக்கிறவங்க சொல்ல மாட்டீங்களாம்மா?"

"போன தடவை சொன்னோம். காது கேக்குதுன்னு எழுதிட்டீங்க."

"அது போன தடவை," என்றார். ஊன்றுகோல்காரரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

வக்கீல் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். அன்று மாலைவரை அந்தக் கதவுக்கும் அடுத்த கதவுக்குமாக நடந்தார். மனு கொடுத்தார். முடிவு வீட்டுக்கு வரும் என்றார்கள்.

மழைக்காலம் வந்து போனது. பிறகு முடிவு வந்தது. நடிக்கிறார் என்ற சொல்லை அவர்கள் எடுக்கவில்லை. அதைத் தொடவே இல்லை. கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மும்முறை அழைத்தும் மேல்முறையீட்டாளர் ஆஜராகவில்லை, தள்ளுபடி.

தம்பி அதைப் படித்தான். தெரு முழுக்கக் கேட்கும்படி, "அப்போ நான் எங்க இருந்தேனாம்?" என்றான். அவன் மனைவி அடுப்பங்கரைக்குள் போனாள். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றுவரை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவனோடு படையில் இருந்தவர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து அன்றைக்கு அவன் விசாரணைக்கே போகவில்லையாம்.

தவறு. போயிருந்தான். எங்கள் எல்லாருக்கும் முன்பே போய், ஜன்னல் பக்கம், எனக்கு வலப்புறம் உட்கார்ந்திருந்தான்.