அளவு ஜாக்கெட்

பையிலிருந்து அளவு ஜாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

கடைக்காரி வாங்கவில்லை.

"அது வேண்டாங்க்கா. இங்க ஆள் மேல டேப் வெச்சுத்தான் அளவெடுப்போம்."

அவளுக்கு வந்த வழியே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

எட்டு வருஷமாக எந்தத் தையல்காரரிடம் போனாலும் இதே ஜாக்கெட்டைத்தான் கொடுத்து வருகிறாள். அப்போது மெரூன், இப்போது செங்கல் நிறம். அது தைத்தபோது அவளுக்கு இரண்டு மார்பும் இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

உடம்பு மாறிவிட்டது. அளவு மாறவில்லை.

மாற்றுவதென்றால் யாரிடமாவது சொல்ல வேண்டும். அதற்கு வாய் வரவில்லை.

அதனால் தைத்து வந்ததெல்லாம் இடது பக்கம் தொங்கியது. கைக்குட்டையை மடித்து உள்ளே வைப்பாள். கையைத் தூக்கினால் அது கழுத்துவரை ஏறி வந்துவிடும். "இந்தப் பக்கம் மட்டும் ஏனுங்க சுருங்குது?" என்று பழைய தையல்காரர் நாலு பேர் முன்னால் கேட்டார். அன்றோடு அந்தக் கடைக்கும் சேலைக்கும் ஒரு பெரிய கும்பிடு.

பிறகு சுடிதார். அதன்மேல் அகலமான துப்பட்டா. அதற்கும் மேலே வருகைப் பதிவேடு. பதிவேட்டை நெஞ்சோடு அணைக்காமல் பள்ளிக்கூடத்தில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. பொறுப்பான டீச்சர் என்று பெயர் வேறு வாங்கிவிட்டாள்.

இந்த ஜூனில் தலைமை ஆசிரியை ஆக்கிவிட்டார்கள்.

ஆகஸ்ட் பதினைந்துக்கு அவள்தான் சேலை கட்டிக்கொண்டு கொடியேற்ற வேண்டும். கயிற்றை இழுக்க இரண்டு கையும் வேண்டும். முன்னால் முந்நூறு பிள்ளைகள் நிற்பார்கள்.

பயம்தான். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். அப்படி யோசித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்த இந்தத் தையல் பொட்டிக்கின் படி ஏறினாள்.

கடைக்காரியின் பெயர் செண்பகா. முப்பது வயது இருக்கும். திரையை இழுத்துவிட்டு, துப்பட்டாவை எடுக்கச் சொன்னாள்.

எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

டேப் வலது பக்கம் போனது.

இடது பக்கம் போனது.

அதே வேகம். நடுவில் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

பென்சில் எழுதும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். நோட்டில் வலது என்று ஒரு கட்டம், இடது என்று ஒரு கட்டம். தனக்காகத்தான் இப்படிப் பிரித்திருக்கிறாள் என்று நினைத்ததும் முகம் சுட்டது.

செண்பகா அதைப் பார்த்துவிட்டாள். முந்தின பக்கத்தைப் புரட்டினாள். அதற்கும் முந்தின பக்கத்தை. கல்யாணப் பெண், காலேஜ் பெண், யாரோ ஒரு நர்ஸ். எல்லாப் பக்கத்திலும் இரண்டு கட்டம். ஒரு பக்கத்திலாவது இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லை.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கறவங்க இன்னும் இந்தக் கடைக்கு வரலீங்க்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. ஆனால் முதலில் வந்தது சிரிப்புதான்.

"கையை மேல தூக்கற வேலை ஏதாச்சும் இருக்குங்களா?"

"கொடி ஏத்தணும்."

செண்பகா அதையும் எழுதிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, அதே திரைக்குள்.

கருநீலப் பருத்தி ஜாக்கெட். உள்ளே இடது பக்கம் சின்னதாக ஒரு பை தைத்து, அதில் பஞ்சு வைத்திருந்தது. அக்குளில் கூடுதலாக ஒரு துண்டுத் துணி.

கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் தூக்கினாள். இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

இன்னொரு முறை இழுத்தாள்.

ஒன்றும் நகரவில்லை.

இடுப்பில் கை வைத்துத் தன்னைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தாள். இதுதான் இனி என் கடை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

வெளியே வந்ததும் செண்பகா பழைய அளவு ஜாக்கெட்டை மடித்து நீட்டினாள். போன வாரம் கொக்கியிலேயே விட்டுப் போயிருந்தாளாம்.

"நீயே வெச்சுக்கம்மா. இஸ்திரிப் பெட்டி புடிக்க ஆகும்."

வாசல்வரை போனவள் நின்றாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப். அடுத்தது அக்டோபரில். ஆபரேஷனுக்குப் பிறகு, அடுத்த செக்கப்பைத் தாண்டி அவள் எதற்கும் நாள் குறித்ததில்லை. தீபாவளித் துணியைக்கூட முதல் நாள்தான் எடுப்பாள்.

திரும்பி வந்தாள்.

"என் அளவு நோட்டுல இருக்குமில்ல?"

"இருக்குங்க்கா."

"ஜனவரி இருபத்தாறுக்கு ஒண்ணு தச்சு வெச்சிரு."

செண்பகா காலண்டரைப் பார்த்தாள்.

"அதுக்கு இன்னும் அஞ்சு மாசத்துக்கு மேல கெடக்குதுங்களேக்கா."

"கெடக்கட்டும். நான் வந்து வாங்கிக்கறேன்."