தங்கை வரைந்த தெரு

"நாய்கூட இருக்கு. மூணு படத்துல இருக்கு. என்னைத்தான் காணோம்."

மெக்கானிக் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முப்பத்திரண்டு வருடம் கூடக் குடித்தனம் நடத்திய மனைவிக்கு அந்தச் சிரிப்பின் கனம் தெரியும். எங்கேயாவது ஒரு மூலையில் இருப்பீர்கள், இன்னொரு தடவை பாருங்கள் என்றாள். அவர் ஏற்கெனவே இரண்டு சுற்று சுற்றி வந்திருந்தார்.

ஆட்டிசம் உள்ள ஒன்பது பேரின் கண்காட்சி அது. வாசலை ஒட்டி, ஓர் இளைஞன் வெறும் காகிதத்தை மடித்தே கட்டிய ரயில் நிலையம். ஒரு சிக்னலைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. அதற்கடுத்து, வாய் திறந்து பேசாத ஒரு பெண் கம்பளி நூலால் பின்னிய கடல். கடைசி அறை முழுக்க மெக்கானிக்கின் தங்கை பென்சிலால் வரைந்த நாற்பத்தொரு படங்கள். எல்லாம் ஒரே தெரு. அண்ணனும் தங்கையும் பிறந்து வளர்ந்த தெரு. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அதை இடித்துத் தள்ளி நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

தங்கைக்கு இப்போது ஐம்பது வயது. நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை பார்த்ததைத்தான் வரைந்திருந்தாள். கையில் ஒரு போட்டோ கிடையாது. எல்லாம் மனசில் இருந்து வந்தது.

கேள்விப்பட்டுப் பழைய தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். எண்பதை நெருங்கிய சலூன்காரர் தன் கடைப் படத்துக்கு முன்னால் கைத்தடியை ஊன்றியவர் நகரவே இல்லை. கண்ணாடிக்கு மேலே ஒன்பது பாட்டில்கள், வைத்த வரிசை மாறாமல். மூன்றாவது பாட்டிலில் விரிசல் இருந்தது தனக்கே மறந்துபோயிருந்தது என்று எல்லோரையும் பிடித்து நிறுத்திச் சொன்னார். சைக்கிள் கடைக்காரரின் மகன், குனிந்து காற்றடித்துக்கொண்டிருந்த தன் அப்பாவைப் பார்த்துவிட்டுப் படத்துக்கு வெகு அருகே போய் நின்றான். அவன் வீட்டில் அப்பாவின் படம் என்று ஒன்றுகூட இல்லையாம்.

மெக்கானிக்கும் ஒரு படத்தின் முன்னால் அப்படி நின்றார். மொட்டை மாடியில் அம்மா, வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு, ஈரச் சேலையை உதறிக்கொண்டிருந்தாள். பேக்கரியில் ரொட்டி வேகும் வாசனையும், லாண்டரி ஆவியும், மதியம் மூன்று மணிக்குத் தெருவே தூங்கும் அமைதியும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குத் திரும்பி வந்தன. இத்தனையும் தொலைந்துபோனது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் வலி கூடிப்போயிற்று. தெருவில் ஒருத்தர் பாக்கியில்லை. தபால்காரர் இருக்கிறார், பால்காரி இருக்கிறாள், கடன் சொல்லியே காலம் தள்ளிய தையல்காரரும் இருக்கிறார். கூடப் பிறந்த அண்ணன் மட்டும் இல்லை.

அந்தக் காலத்தில் ஆட்டிசம் என்ற பேரே யாருக்கும் தெரியாது. பிடிவாதம் என்றார்கள், திமிர் என்றார்கள், வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். சொன்னவர்களோடெல்லாம் மல்லுக்கு நின்றவர் அவர்தான். நான்கு பள்ளிக்கூடம் அவளைச் சேர்க்க மாட்டேன் என்றபோது ஐந்தாவதின் வாசலில் தவம் கிடந்தவரும் அவர்தான். வெளிநாட்டில் வேலை கிடைத்தும், தங்கைக்குப் புது ஊர் ஒத்துவராது என்று விட்டுவிட்டார். அதையெல்லாம் அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

"சின்னப் புள்ளத்தனமா இருக்கு, தெரியுது. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது" என்றார் மனைவியிடம்.

"இங்க நின்னு புலம்பாம அவகிட்டயே கேளுங்க."

கேட்கத்தான் பயமாக இருந்தது. தங்கைக்கு மழுப்பத் தெரியாது. உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவாள். போன வாரம் அண்ணி ஆசையாகக் கட்டிய சேலையை, திரைச்சீலை மாதிரி இருக்கிறது என்றவள். உன் ஞாபகமே வரவில்லை என்று சொல்லிவிட்டால், மிச்ச நாளை எப்படித் தள்ளுவது?

ஜன்னலோர நாற்காலியில், இரைச்சல் கேட்காமலிருக்கக் காதை மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் அவளுக்குப் பிடித்த மாதிரி ஒரு நாற்காலி விட்டு அடுத்ததில் உட்கார்ந்தார். கூட்டம் கொஞ்சம் கலைந்தது. அவளே ஹெட்போனைக் கழற்றும்வரை காத்திருந்தார்.

"எல்லாரையும் வரைஞ்சிருக்க. ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று ஆரம்பித்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டார். "என்னை ஏன் வரையல?"

தங்கை வழக்கம்போல அவர் முகத்தைப் பார்க்காமல், மடியில் விழுந்த பென்சில் சீவலைத் தட்டிவிட்டாள்.

"வரைஞ்சேனே."

"எந்தப் படத்துல?"

"எல்லாத்துலயும்."

எழுந்துபோய் பக்கத்துப் படத்தின் கீழ் விளிம்பில் விரலை வைத்தாள். அங்கே கருகருவென்று சுருள் சுருளாகப் பென்சில் கோடுகள். அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே சுருள். அதற்கடுத்ததிலும். முகங்களையே தேடிக்கொண்டிருந்தவர் விளிம்பைப் பார்க்கவே இல்லை.

"உன் முடி" என்றாள் தங்கை. "கீழ விட்டா நான் அழுவேன்ல? தெரு முழுக்க உன் தோள்ல ஒக்காந்துதான பாத்தேன்."