என் பெயருக்கு அடியில்

அவள் இறந்து இரண்டு வருடம் கழித்து, அந்த ஆஸ்பத்திரியின் கணினியில் அவளைப் பார்த்தேன்.

பெயர் என்னுடையதாக இருந்தது.

எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். காலையில் துணியில் லேசாக இரத்தம். ஆட்டோக்காரர் பக்கத்தில் எது இருந்ததோ அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இந்த ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்ல என்னிடம் வெளியே சொல்லும்படியான காரணம் இல்லை.

முன்னால் உட்கார்ந்திருந்த பெண் போன் நம்பர் கேட்டாள். சொன்னேன்.

"பழைய ஃபைல் இருக்கே. கோமதிதானே?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"காய்ச்சலுக்கு வந்திருப்பேன்" என்றேன்.

டாக்டர் அறைக்குள் ஒரு பெஞ்சு உண்டு. அடுத்து வரவேண்டியவர்களை அதில் உட்கார வைத்துவிடுவார்கள். நேரம் மிச்சமாகும். இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி எங்கள் தெரு. என் கல்யாணப் பந்தியில் பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கியவள்.

டாக்டர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார், பிறகு வயிற்றில் கருவியை வைத்தார். குழந்தையின் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. குதிரை ஓடுகிற மாதிரி.

"பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா உங்களுக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு."

பிறகு திரையைப் பார்த்தார்.

"முன்னாடி ஒரு தடவை கலைச்சிருக்கீங்க. இங்கதான். சொல்லவே இல்லையேம்மா?"

தேதியையும் வாசித்தார். என் கல்யாணத்துக்கு ரொம்ப முந்தைய தேதி.

பெஞ்சில் வளையல் சத்தம் நின்றது.

அது என் தங்கை. செண்பகம்.

அன்று நான்தான் கூட வந்தேன். கூடம் நிறைய ஆட்கள். "பேரு என்ன?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்கள். அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. நான் என் பெயரைச் சொன்னேன். என் வயது. என் நம்பர். அந்த நேரத்தில் வேறு பெயர் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "இனிமே கெட்டுப்போனவ நீதாங்க்கா" என்றாள். சிரித்தாள். பாதியில் அது வேறு சத்தமானது.

பிறகு ஓர் ஆவணியில் சாலை விபத்தில் போனாள். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் வருகின்றன.

டாக்டர் காத்திருந்தார்.

நான் இல்லை என்று சொல்லலாம். பின்னே யார் என்பார்கள். அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். என் பெயரைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் போதும். அடியில் அவள் கால்களை மடக்கிக்கொண்டு படுத்திருப்பாள்.

ஆமாம் என்றால் பெஞ்சுக்குக் கேட்கும். பெஞ்சுக்குக் கேட்டால் தெருவுக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருகிற என் வீட்டுக்காரர் அந்தத் தெரு வழியாகத்தான் வரவேண்டும்.

"ஆமா டாக்டர். நான்தான்."

வயிற்றில் பிள்ளை புரண்டது.

டாக்டர் அதைப் புதிய ஃபைலிலும் எழுதிக்கொண்டார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்தாள்.

"என்னத்தா பாக்கே? ஒன் ஃபைல வாசிக்கயில நான் காதப் பொத்திக்கிடுதேன். நீயும் இப்பப் பொத்திக்கோ."

எங்கள் தெருக்காரி சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். நல்ல வெயில். அம்மா முன்னால் நடந்தாள். எந்த இடத்தில் திரும்பிக் கேட்பாள் என்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பூக்கடை போனது. தண்ணீர்த் தொட்டி போனது.

கறிக்கடை முன்னால் நின்றாள்.

அன்று வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா கறி தொடமாட்டாள். முட்டை உடைத்த கரண்டியைக்கூட அடுப்படிக்குள் விடமாட்டாள். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் தவறியிருக்கிறாள். நானும் செண்பகமும் இந்த ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள்.

வயிற்றுவலி என்று சுருண்டு கிடந்தாள் அவள். அம்மா எதுவும் கேட்கவில்லை. சுவரொட்டி, ஆட்டின் மண்ணீரல், வாங்கிவந்து மிளகு தட்டிப்போட்டு வதக்கி, அவளுக்கு மட்டும் தட்டில் வைத்தாள். தின்னு, ரத்தம் ஊறும் என்றாள். அம்மாவுக்குக் கிழமை மறந்துவிட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் போர்வைக்குள் சிரித்துக்கொண்டோம்.

"சுவரொட்டி இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணு இருக்கு மதினி."

"ரெண்டு வேணும்."

கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான மதினி இருக்கும். பிள்ளத்தாச்சி ஒருத்திக்கு ஒண்ணு போதும்லா?"

செண்பகம் போனதிலிருந்து அம்மா கறி தின்பதில்லை. வீட்டில் தின்கிறவள் நான் ஒருத்திதான்.

"இன்னொரு ஆடு உரிக்கது வரைக்கும் நிக்கோம்" என்றாள் அம்மா.

முந்தானையை எடுத்து என் தலைமேல் பிடித்துக்கொண்டாள்.

நின்றோம்.