வெள்ளை பூசிய வரி

"ஓடல. பில்ட் பண்ணிப் பார்த்துட்டேன். ஓடவே இல்ல," என்றான் நவநீதன்.

சுகிர்தா நிமிரவில்லை. நிமிர்ந்து என்ன ஆகப்போகிறது? பிறவியிலேயே பார்வை இல்லை.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் கணினி லேப். சனிக்கிழமை, காலை பத்தே முக்கால். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சேர்ந்து ஒரு சாட் ஆப் எழுதுகிறார்கள். அதன் சோர்ஸ் கோட், அதாவது மூல நிரல், ஊருக்கே திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்பது பேச்சு. திருத்தியதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது மட்டும் நவநீதன் கையில்.

பேச்சு பேச்சாகவே இருந்தது.

வரும் திங்கட்கிழமையிலிருந்து சுகிர்தாவின் ஆபீஸ் முழுக்க இந்த ஆப்தான். திரையில் இருப்பதை அவளுக்குப் படித்துச் சொல்வது லேப்டாப்பின் குரல். இந்த ஆப்பைத் திறந்தால் அந்தக் குரல் சொல்வது இவ்வளவுதான்: பட்டன். பட்டன். பட்டன். எது அனுப்பும், எது அழிக்கும்? தெரியாது. வந்த செய்தியும் வாய் திறக்காது.

மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைத்தாள். செய்திகளுக்கு வாய் வைத்தாள். இன்று பன்னிரண்டு மணிக்குள் சேர்ந்தால் உண்டு. இல்லையென்றால் அடுத்த வெளியீடு அடுத்த வருடம். அதுவரை ஆபீசில் என்ன செய்வாள்? சும்மா உட்கார்ந்திருப்பவளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

அனுப்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஓடவில்லையாம்.

அவள் தொட்டது அடிப்படைக் கோப்பு. அதைத் தொட்டால் மொத்த நிரலும் முதலிலிருந்து பில்ட் ஆகி, ஓடும் ஆப்பாக மாற வேண்டும். முக்கால் மணி நேரம் பிடிக்கும். இந்தப் புண்ணியவான் எழுதிய ரீட்மீ என்ற குறிப்பிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது.

"பத்து நிமிஷத்துல பில்ட் ஆயிடுச்சா சார்?"

"என் மெஷின் கொஞ்சம் ஃபாஸ்ட், மேடம்."

யாரோ சிரித்தார்கள். அந்த மேடம் அவளுக்குச் செருப்படி போல இருந்தது.

"நான் இங்கயே பண்ணிக் காட்டுறேன்."

"தாராளமா. பன்னெண்டு மணிக்குச் சாத்திடுவேன்."

அவள் இயர்போனை ஒரு காதில் செருகினாள். புது ஃபோல்டர். சோர்ஸ் கோட் மொத்தமும் இறங்கியது. அதன்மேல் தன் மாற்றத்தை வைத்தாள். பில்ட்.

லேப்டாப் விசிறி இரைய ஆரம்பித்தது.

காலியாக இருந்த மறு காதில் லேப் கேட்டது. நவநீதன் பக்கத்தில் அவன் கூட்டாளி ரியாசின் நாற்காலி கிறீச்சிட்டது. நவநீதன் படபடவென்று என்னவோ தட்டினான். சட்டென்று நிறுத்தினான். "ச்சே" என்றான். ஒரே ஒரு தட்டு, ஓங்கி.

அதோடு அமைதி.

நாற்பத்தொரு சதவீதத்தில் பில்ட் செத்து விழுந்தது. அதற்கு வேண்டிய ஏதோ ஒரு லைப்ரரி, துணை நிரல், இல்லையாம்.

"எந்த லைப்ரரி போடணும் சார்?"

"ரீட்மீல இருக்கு."

இல்லை. ரீட்மீயை மூன்று தடவை கேட்டவள் அவள். எழுதியவன் ஒரு தடவையாவது படித்திருப்பானா, சந்தேகம்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவளே தேடி எடுத்துப் போட்டாள். மறுபடி பில்ட். அறுபது. எழுபத்தைந்து. உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். தொண்ணூறு.

பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது. ஒரு பிழை இல்லை.

திறந்தாள்.

தேடு, பட்டன். இணை, பட்டன். அனுப்பு, பட்டன்.

அட, எவ்வளவு நேரம் கழித்து! சிரித்துவிட்டாள். கண்ணும் நனைந்துவிட்டது. கீழ் அம்புக்குறியை அழுத்தினாள். எல்லோருக்குமான பொது அறை. செய்திகள் ஒவ்வொன்றாகப் பேசின. காலை வணக்கம். யாருக்கெல்லாம் டீ. ரெண்டாவது மாடிக்கு வாங்க.

இன்னொரு தடவை அழுத்தினாள்.

"நவநீதன். பத்து நாற்பத்தெட்டு. நீக்கப்பட்டது. பில்டெல்லாம் யாருடா பண்ணா, சும்மா ஓடலன்னு சொல்லி விட்டேன் ரியாஸ். அந்தக் குருடி இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டா."

விரல் அப்படியே நின்றது.

ரியாசுக்குப் போக வேண்டியதைப் பொது அறையில் போட்டிருக்கிறான். கண்டதும் நீக்கியிருக்கிறான். நீக்குவதற்கான நிரலும் அவன் எழுதியதுதான். அது நீக்காது. எழுத்தின் மேல் வெள்ளை பூசும், அவ்வளவே. கண் உள்ளவர்களுக்கு அங்கே வெறும் இடம். படிக்கிற குரலுக்கு அது இன்னும் எழுத்துதான்.

அவனுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

எழுந்து கத்திவிடலாம் போலிருந்தது. கத்தவில்லை. மேல் அம்புக்குறியை அழுத்தி முதல் வரிக்குப் போனாள். இயர்போனைப் பிடுங்கினாள்.

லேப் முழுக்கக் குரல் கேட்டது. தேடு, பட்டன். இணை, பட்டன். அனுப்பு, பட்டன்.

நாற்காலிகள் திரும்பின. "ஓடுதே!" என்றது ஒரு பெண் குரல். இரண்டு பேர் கை தட்டினார்கள்.

நவநீதன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சரி, ஓடுது. என் பக்கம் ஏதோ மிஸ்டேக் போல. சேர்த்துடுறேன். சந்தோஷமா மேடம்?"

அவள் காத்திருந்தாள்.

கீபோர்ட் சத்தம். என்டர்.

"சேர்ந்துடுச்சா சார்?"

"சேர்ந்தாச்சு."

அவளும் பார்த்துக்கொண்டாள். சேர்ந்திருந்தது. இனி எடுக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு பேர் முன்னால் எடுக்க வேண்டும். கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனாள்.

காலை வணக்கம். யாருக்கெல்லாம் டீ. ரெண்டாவது மாடிக்கு வாங்க.

"அதான் ஓடுதுன்னு ஒத்துக்கிட்டேனே. போதும் மேடம், ஆஃப் பண்ணுங்க."

"இன்னும் ஒரு வரி இருக்கு சார்."

சுகிர்தா வால்யூமைக் கடைசி வரை ஏற்றினாள். கீழ் அம்புக்குறியைத் தேடி விரலை வைத்தாள்.