கிராஜினா போகாத ஊர்

வார்சாவில், சமையலறை மேஜை மேல் இத்தாலி வரைபடம் விரிந்து கிடந்தது.

“வெனிஸ் போலாமா, யோலா?” என்றான் வீடோல்ட்.

“மேல்வீட்டு கிராஜினா போய்ட்டு வந்துட்டா,” என்றாள் அவன் மனைவி யோலந்தா.

“ஃப்ளோரன்ஸ்? உனக்குப் பிடிச்ச ஓவியமெல்லாம் அங்கதான்.”

“அங்கயும்தான். எனக்குக் கேக்கணும்னே மாடிப்படியில நின்னு கத்திப் பேசினாளே. அவ கால் படாத ஊரா சொல்லு.”

“அப்ப ரவென்னா. சுவரெல்லாம் மொசைக் ஓவியம். அவ போனதே இல்ல.”

“நிச்சயமா?”

“போற ஊர்லேர்ந்தெல்லாம் மேக்னட் வாங்கி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுவா. இந்தக் கோடையில வாங்கின சியென்னாதான் கடைசி. ரவென்னா இல்ல.”

யோலந்தா வரைபடத்தை நிதானமாக மடித்தாள்.

“சண்டை போட்டு ரெண்டு வருஷமா நாம அவ வாசப்படி ஏறல. அவ ஃப்ரிட்ஜ் உனக்கு எப்படித் தெரியும்?”

வீடோல்ட் வரைபடத்தை மறுபடி விரிக்கப் போனான்.

“ரவென்னாவுக்கே போறேன்,” என்றாள். “ஒரு டிக்கெட் போதும்.”