தும்மலுக்கு யார் பெயர்?

“தும்முறது நான். பேரு மட்டும் உங்களுதா?” என்றார் நாகூர் கனி.

எதிர் சோபாவில் டாக்டர் ரவூப் கோப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். நாகூர் கனியின் மகள் சாயிரா பானு அடுப்படி வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் ரவூப்பின் உம்மா அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். இன்றாவது வாப்பா சம்மதம் சொல்லிவிடுவார் என்று பார்த்தால், பேச்சு தும்மலுக்குப் போய்விட்டது.

பன்னிரண்டு வருடத் தும்மல் அது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருப்பவருக்குத் துணித் தூசிதான் ஆகவில்லை என்று எல்லா டாக்டர்களும் கைவிட்ட பிறகு, அவர் ரவூப்பிடம் போனார். ரவூப் மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் தோ பாயோவில் இருக்கும் அவர் வீட்டுக்கே வந்து, எதிரில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து, ஒவ்வொரு தும்மலையும் நோட்டில் குறித்தார். வந்த இடத்தில் சாயிராவையும் மனத்தில் குறித்துக்கொண்டார். இது உலகத்தில் யாரும் கேள்விப்படாத புது நோயாம். லண்டன் மருத்துவப் பத்திரிகைக்குக் கட்டுரை தயார்.

“கண்டுபிடிச்ச டாக்டர் பேரை வைக்கிறதுதான் மாமா வழக்கம். பார்க்கின்சன் நோய் இல்லையா, அந்த மாதிரி.”

“அந்தப் பார்க்கின்சனுக்குக் கை நடுங்குச்சா?”

“இல்ல மாமா. அவர் டாக்டர்.”

“பாத்தீங்களா? நடுங்குனவன் ஒருத்தன், பேரு வாங்குனவன் ஒருத்தன். ‘நாகூர் கனி நோய்’னு போடுங்க லா. எனக்கென்ன பேராசையா? நம்ம சமுதாயத்துக்கு ஒரு பெருமை, அவ்வளவுதான்.”

சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு தும்மல். “அல்ஹம்துலில்லாஹ்.”

“யர்ஹமுகல்லாஹ்” என்று அடுப்படியிலிருந்தே முறைப்படி பதில் சொன்னார் சாயிராவின் உம்மா ஆமினா பீவி. பன்னிரண்டு வருடப் பழக்கம், கரண்டி நிற்கவில்லை.

ரவூப் நோட்டில் ஒரு கோடு போட்டார். “உங்க பேரு மட்டும் வேணாம் மாமா. சொன்னா கேளுங்க.”

“ஏன், என் பேருக்கு என்ன குறைச்சல்?”

ரவூப் மின்விசிறியைப் பார்த்தார். சாயிராவுக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பெயர்தானே, விட்டுக்கொடுத்தால் என்ன? இவ்வளவு புகழாசை பிடித்தவரா இவர்?

தொலைபேசி அடித்தது. நாகூர் கனி எடுத்தார். “ஆமா பரீதா, உங்க சேலை கப்பல் ஏறி வந்துக்கிட்டே இருக்கு. நாளைக்குக் கையில குடுத்துடுறேன்.” வைத்ததும் இரண்டு தும்மல். “தூசி” என்றார்.

“போன்லயும் தூசி வருதாக்கும்” என்றார் ஆமினா பீவி.

ரவூப் இரண்டு கோடுகள் போட்டார்.

நாகூர் கனி பொறுமை இழந்தார். “தம்பி, பள்ளிவாசல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், லண்டன் புஸ்தகத்துல என் பேரு வருதுன்னு. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஜும்மாவுக்குப் போறது? முடிவா சொல்லுங்க. போடுவீங்களா, மாட்டீங்களா?”

“மாட்டேன் மாமா.”

“அப்ப நானும் முடிவா சொல்றேன். உங்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்கல. இந்தச் சம்பந்தத்துல எனக்குத் துளிகூட இஷ்டமில்ல.”

தும்மல் வெடித்தது. ஒன்றல்ல, வரிசையாக ஐந்து. ஐந்தாவதில் மூக்குக்கண்ணாடி பறந்து கோப்பிக்குள் விழுந்தது.

சாயிராவின் கண்கள் நிறைந்தன. ரவூப்போ, பரீட்சையில் தேறியவர்போல் முகம் மலர எழுந்தார். “ரொம்ப சந்தோஷம் மாமா. வர்ற வெள்ளிக்கிழமை உம்மாவைக் கூட்டிக்கிட்டு வர்றேன்.”

“ஆமினா, இவருக்குக் காதுல ஏதும் கோளாறா?” என்றார் நாகூர் கனி, கோப்பிக்குள் விரலை விட்டுக்கொண்டே.

வாசலில் காலணியை மாட்டிய ரவூப், ஒட்டாத உறை ஒன்றைச் சாயிராவிடம் நீட்டினார். “லண்டனுக்குப் போற கட்டுரை. தபால்ல போடுறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை படிச்சிடுங்க.”

மின்தூக்கிக் கதவு மூடியது. அழுகையை அடக்கிக்கொண்டு அவள் காகிதத்தைப் பிரித்தாள்.

‘நோயாளி, ஐம்பத்திரண்டு வயதுத் துணி வியாபாரி. தூசியாலோ குளிராலோ அவர் தும்முவதில்லை; பொய் சொன்னால் மட்டுமே தும்முகிறார். பொய் பெரிதானால் தும்மலின் எண்ணிக்கையும் கூடுகிறது.’

அடியில், பத்திரிகை ஆசிரியருக்குப் பேனாவால் ஒரு வரி: ‘எக்காரணம் கொண்டும் நோயாளியின் பெயரை வெளியிட வேண்டாம், அவர் என் வருங்கால மாமனார்.’