நான்காவது படிக்கு ஆதாரம்

திரையில் தரவுத்தளத்தின் முதல் பக்கம் விரிந்தது. தயாரிப்பு: முனைவர் மாதவராஜ். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

நேற்று வரை அங்கே கோகிலவாணி என்று என் பெயர் இருந்தது.

தருமபுரியில் எங்கள் கல்லூரிக் கருத்தரங்கக் கூடம். முன்வரிசையில் நிதி தரும் குழுவினர் மூன்று பேர். மேடையில் மாதவராஜ் சார், புதுச் சட்டையில், கையில் மைக்கோடு. நான் கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சித்தேரி மலையில் சாமைப் பயிரின் வேரிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவைப் பற்றியது அந்தத் தரவுத்தளம். பாக்டீரியாவின் மரபணுக்களைக் கொடுத்தால், அது எதைத் தின்று எதை உண்டாக்கும் என்று மென்பொருள் படிப்படியாக வரைந்து காட்டும். பாதி ஊகம்தான். ஒவ்வொரு படியையும் சரிபார்த்து, இது ஊகம், இது ஆய்வகத்தில் நிரூபித்தது என்று குறி போட ஓர் ஆள் வேண்டும்.

மூன்று வருடமாக அந்த ஆள் நான். காரிமங்கலத்திலிருந்து தினமும் பஸ். சாருக்கு அந்த மென்பொருளைத் திறக்கவே தெரியாது.

நாசமாய்ப் போகட்டும் என்று மனதாரச் சபித்தேன்.

மண்ணிலுள்ள மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கரைக்கும் அமிலத்தை அந்தப் பாக்டீரியா உண்டாக்கும் படத்துக்குச் சார் வந்தார். அதை நம்பித்தான் நிதியே கேட்டிருந்தார். குழுவிலிருந்த அம்மையார் கையை உயர்த்தினார். நான்காவது படிக்கு நிரூபித்தது என்று குறி இருக்கிறதே, எந்தச் சோதனையில் என்று கேட்டார்.

சார் என்னைப் பார்த்தார். கூடமே திரும்பிப் பார்த்தது.

மெதுவாக எழுந்தேன். "எனக்கு எப்படிங்க மேடம் தெரியும்? எல்லாம் சாரே தனியா செஞ்சதுங்க."

சார் மாட்டிக்கொண்டார். என்னைக் கைகாட்டினால் பெயரை எடுத்தது வெளியே வந்துவிடும். காட்டாவிட்டால் பொய்க்குறி அவர் தலையில். நான் உட்காரவில்லை. என்ன சொல்கிறார் என்று நின்றபடியே கேட்க ஆசையாக இருந்தது.

"என் தப்புதாங்க மேடம்" என்றார் சார்.

அம்மையார் நிதி விண்ணப்பக் கோப்பை மூடினார்.

மேடையிலிருந்து இறங்கியவர், பதிலை வைத்துக்கொண்டே பழிவாங்கிவிட்டாயே என்பதுபோல் என்னை முறைத்தார்.

என்னிடம் பதில் இல்லை. அப்படி ஒரு சோதனையே நடக்கவில்லை. போன ஆடியில் ஏதோ அவசரத்தில் ஊகம் என்று போட வேண்டிய குறியை மாற்றிப் போட்டுவிட்டேன் என்பது, அம்மையார் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் மட்டும் என் பெயரை எடுக்காமல் இருந்திருந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மைக் என் கைக்கு வந்திருக்கும்.